வேலையில் இருந்துகொண்டே படிக்க வேண்டிய படிப்பு

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆட்கள். மருத்துவமனை தரக்கூடியது அவ்வளவுதான். 1937இல் அரசு எடுத்துக்கொண்ட அதே மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. இலவசக் கூட்டு மருந்தை மத்திய அரசு கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். முதலில் கொடுத்த மையங்களில் தாம்பரமும் ஒன்று. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அந்த வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்களும் மருத்துவர்களும், குணமாக்க முடியாத ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் வேலையிலேயே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்று அதற்கென்று முறையான படிப்பு இருக்கிறது. பேலியேடிவ் கேர், அரசு அறிவிப்புகளின் மொழியில் ஆதரவு சிகிச்சை. வேலையை விடாமல் படிக்கலாம். தென்சென்னைப் புறநகரில் மருத்துவத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

இது கடைசி நாட்களுக்கான சிகிச்சை மட்டும்தான் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும்தான் என்ற எண்ணமும் உண்டு. இரண்டும் சரியல்ல. சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், மறதி நோய், முதுகுத் தண்டுவடக் காயம் என எல்லாவற்றிலும் இதற்கு வேலை உண்டு. நோயை எதிர்க்கும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் சேர்த்துத் தர வேண்டும். 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே ஆதரவு சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். உலகில் ஆண்டுக்கு 5.68 கோடி பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்கு.

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கமெல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் இங்குமாக இருக்கும் வீடுகள் உண்டு. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் படுத்த படுக்கையாகிவிட்டவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ வாரா வாரம் கொண்டுபோய் வர முடியாது. அவரைக் கவனிக்கப்போவது தெருமுனை நர்ஸிங் ஹோமின் டியூட்டி டாக்டர், வீட்டுக்கு வரும் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், டயாலிசிஸ் டெக்னீஷியன். படிப்பு போய்ச் சேர வேண்டியது இவர்களிடம்.

படிப்பில் என்ன இருக்கிறது? முதலில் வலி. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த மூன்று படி முறையில் கடுமையான வலிக்கு மார்ஃபின் வருகிறது. வலி வந்த பிறகு ஊசி போடுவது பழைய பழக்கம். வலி திரும்பும் முன்பே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய்வழி மாத்திரை கொடுப்பதுதான் இந்தப் படிப்பு சொல்லித்தரும் முறை. சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்ப ஏற்றுவார்கள். கூடவே மலமிளக்கி கட்டாயம். இதை மறந்தால் நோயாளி மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவார். மூச்சு நின்றுவிடும், அடிமையாகிவிடுவார் என்ற பயங்களுக்கு, முறையாகக் கொடுத்தால் பெரும்பாலும் இடமில்லை என்பதை வகுப்பில் சொல்வதைவிட ஒரு வார்டு ரவுண்டு நன்றாகப் புரியவைக்கும்.

மார்ஃபினுக்கு இன்னொரு கதையும் உண்டு. சட்டபூர்வமாக அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியா ஒன்று. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, இங்கே வலிக்காக மார்ஃபின் பயன்படுத்துவது அதலபாதாளத்துக்குப் போனது. ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி போதும். ஆனால் அங்கே இதற்கான பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். ஒருவர் படித்து வந்தால் ஒரு மருத்துவமனையே மார்ஃபின் வைக்கும் தகுதிக்கு நெருங்கிவிடும். இதைவிட நேரடியாகப் பலன் தரும் குறுகிய காலப் படிப்பு மருத்துவத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லித்தருகிறார்கள். அழுகிய புண்ணின் நாற்றத்தால் சொந்தக்காரர்கள் அறைக்குள் வரத் தயங்கும்போது, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் அடங்கும். செலவு சில ரூபாய். மூச்சு வாங்குபவரின் முகத்துக்கு நேராகச் சின்னக் கைவிசிறியைப் பிடித்தாலே தவிப்பு குறையும். ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன.

இவற்றையெல்லாம்விடக் கடினமான பாடம் பேசுவது. 'இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்ற வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் நம் ஊரில் அரிது. அதன் மறுபக்கமாக, 'டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க' என்று மகள் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்பாவுக்கோ ஏற்கெனவே பாதி தெரியும். மகள் மனசு உடைந்துவிடும் என்று அவரும் கேட்காமல் இருப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாக அழுகிறார்கள். நிலத்தை யார் பெயரில் எழுதுவது, பேச்சு நின்றுபோன தம்பியைக் கூப்பிடலாமா, கடைசியில் வீட்டில் இருக்கணுமா ஐசியுவிலா என்று பேச வேண்டியதையெல்லாம் பேசாமலே நாள் போய்விடுகிறது. இங்கே முதலில் மகளோடு உட்கார்ந்து அவளுடைய பயம் என்னவென்று கேட்க வேண்டும். பிறகு அப்பாவிடம், 'உங்களுக்கு உடம்பைப் பத்தி எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்க விருப்பம்?' என்று கேட்டு, அவர் விரும்பும் அளவுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். இது சிலருக்குப் பிறவிக் குணம், மற்றவர்களுக்கு வராது என்று நினைக்கிறோம். ஊசி போடக் கற்பதுபோல, ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பழகினால் இதுவும் வரும்.

எங்கே படிக்கலாம்? இந்தியப் பேலியேடிவ் கேர் சங்கம் எட்டு வாரத் தொலைவழிச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. பணியில் இருப்பவர்களை மனதில் வைத்து அமைத்தது. நேரடியாகப் பழக விரும்பும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கோழிக்கோட்டின் பேலியேடிவ் மெடிசின் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவின் பயிற்சி நிலையமும் ஆறு வாரப் படிப்பு வைத்திருக்கின்றன. பாலியம் இந்தியா இணையவழி வகுப்புகளும் நடத்துகிறது. அவரவர் பார்க்கும் நோயாளியின் நிலையை எடுத்துவைத்து நிபுணர்களிடமே யோசனை கேட்கலாம். மேற்படிப்பாக எம்.டி. பேலியேடிவ் மெடிசின் 2010 முதல் அங்கீகாரம் பெற்ற துறை. தொலைவழியில் பாடம் மட்டும் படித்தால் பாதிதான் வரும். படித்த வாரமே உங்கள் வார்டில் ஒரு நோயாளியிடம் அதைச் செய்துபாருங்கள். வேலையில் இருப்பவருக்குக் கல்லூரி மாணவரைவிட இருக்கும் பெரிய வசதி அது.

இந்தத் துறையே வேலையில் பார்த்ததிலிருந்து கற்றுக்கொண்டவர்களால் உருவானது. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். இறக்கும் நிலையில் இருந்தவர்களைப் பார்த்தபின் முப்பது வயதைக் கடந்து மருத்துவம் படிக்கப் போனார். 1957இல் மருத்துவரானார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், மருத்துவக் கல்லூரியில் மயக்க மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

வீட்டிலேயே சிகிச்சை என்பதும் சென்னைக்குப் புதிதல்ல. சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டில் வைத்தே காசநோய்க்கு மருந்து கொடுத்தாலும் பலன் அதேதான் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. இன்று தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் ஆதரவு சிகிச்சை தருவதையும் சேர்த்துக்கொண்டது. அதற்கென்றே செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடிப் போகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் அப்படி யார் இருக்கிறார்கள்?

ஜி.எஸ்.டி. சாலை நெடுக மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். ஆண்டுக்கு ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் மார்ஃபின் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.