மூங்கில் குச்சியும் மின்சார வாளும்



ஆமத்தூர் டீக்கடை பெஞ்சிலே உட்கார்ந்திருந்தபோது, பட்டாசு ஆபீஸில் மருந்துக் கலவைப் பிரிவிலே வேலை பார்க்கும் நம் தோழர் ஒருவர் வந்து பக்கத்திலே அமர்ந்தார். மகள் ஆறாவது படிக்கிறாளாம். வாள்வீச்சு கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாம். “பொம்பளப் பிள்ளைக்கு வாள் எதுக்கு அண்ணே? அதுவும் நம்ம வீட்டுக்கு?” என்றார். முதல் கேள்வியைக் கேட்டபோது சிரித்தார். இரண்டாவதைக் கேட்டபோது சிரிக்கவில்லை.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னை வண்ணாரப்பேட்டையை அறிவீர்கள். உழைப்பாளி மக்கள் நெருக்கியடித்து வாழும் வடசென்னை. அங்கே 1993-இல் பிறந்தவர் பவானி தேவி. தந்தை கோயில் அர்ச்சகர். தாய் வீட்டைக் கவனிப்பவர். 2004-இலே பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனாள் அந்தச் சிறுமி. மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு ஒன்றுதான்! சரி, அதையே எடுத்துக்கொள்வோம் என்றாள். உடனே வந்தது கேள்வி: அப்பாவுக்கு வருட வருமானம் எவ்வளவு? இது பணக்காரர் விளையாட்டாயிற்றே! சிறுமி என்ன செய்தாள்? உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லிவிட்டாள். இதைப் பின்னாளிலே அவரே சொல்லியிருக்கிறார். பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர்களைக் கேட்காமல், சொன்ன குழந்தையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணக்காரர் விளையாட்டு என்று ஏன் சொல்கிறார்கள்? பவானி ஆடுவது ‘சேபர்’ என்னும் வகை. இடுப்புக்கு மேலே வெட்டினாலும் புள்ளி, குத்தினாலும் புள்ளி. பட்டதா இல்லையா என்பதைக் கண்ணாலே மட்டும் தீர்மானிக்க முடியாது, அத்தனை வேகம்! ஆகவே உலோக இழை கலந்த சட்டை, முகமூடி, உடம்போடு ஓடும் மின்கம்பி. வாள் பட்டதும் விளக்கு எரியும். வாளோ அடிக்கடி ஒடியும். ஒடிந்தால் வேறு வாங்க வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பயிற்சிக்கு மூங்கில் குச்சியைப் பிடித்தார்கள். மின்சார வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தினார்கள். நம் சிலம்பக்காரர்கள் கேட்டால் பெருமைப்படுவார்கள்!

தாய் நகையை அடகு வைத்தார். பதினான்கு வயதிலே துருக்கியில் முதல் வெளிநாட்டுப் போட்டி. களத்துக்கு வர மூன்று நிமிடம் தாமதம். கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அடகுக் காசிலே போன பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அப்படியும் விடவில்லை. பத்தாவது முடித்துக் கேரளத்துத் தலச்சேரிப் பயிற்சி மையம்; பின்பு இத்தாலி. 2018-இல் கான்பெராவிலே காமன்வெல்த் தங்கம். 2021 மார்ச்சில் புடாபெஸ்ட் நகரிலே நடந்த போட்டியின்போது ஒலிம்பிக் தகுதி உறுதியாயிற்று. இந்திய வாள்வீச்சிலே ஆணோ பெண்ணோ அதுவரை ஒருவரும் போகாத இடம் அது! டோக்கியோவில் துனீசியப் பெண்ணை 15–3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்திலே பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். தோற்றதற்காக நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

2023-இல் ஊஷி நகரத்து ஆசியப் போட்டியிலே உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அதையும் மறைப்பானேன்?

புடாபெஸ்ட் என்றதும் இன்னொரு பெண் நினைவுக்கு வருகிறார். 1936, பெர்லின், ஹிட்லரின் கொடி பறந்த ஒலிம்பிக். பெண்கள் வாள்வீச்சிலே தங்கம் வென்றவர் ஹங்கேரியின் இலோனா எலக், யூதத் தந்தையின் மகள்! வெள்ளி பெற்ற ஜெர்மானியப் பெண் ஹெலன் மேயரின் தந்தையும் யூதரே. 1928-இல் ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் மேயர். 1933-இல் சொந்த ஊர்க் கழகமே அவர் பெயரை அடித்துவிட்டது. அப்படியும் வந்து ஆடினார். மேடையிலே நாஜி வணக்கமும் செய்தார். அந்தக் கை உயர்ந்ததை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. பிறகு அமெரிக்காவிலே வாழ்ந்தார். எலக்கோ, போர் தின்ற பன்னிரண்டு ஆண்டுக்குப் பின், 1948-இல் நாற்பத்தொரு வயதிலே லண்டனில் மறுபடியும் தங்கம் வென்றார்.

அங்கே பிறப்பைக் கேட்டார்கள். வண்ணாரப்பேட்டையிலே வருமானத்தைக் கேட்டார்கள். ஆமத்தூரிலே என்ன கேட்கப் போகிறார்கள்?

கட்டை அடுக்கியும் திரி முறுக்கியும் தேய்ந்த விரல்கள் நம் வீட்டுப் பெண்களுடையவை. அந்த வேகமும் கவனமும் யாருக்குக் குறைவு? ஆகவே, வருகிற கிராம சபைக்குத் தோழர்கள் சும்மா போகாதீர்கள். நம் பள்ளிக்கூடத்திலே பெண் பிள்ளைகளுக்கு எத்தனை விளையாட்டு, எத்தனை பேருக்கு இடம், கருவிக்கு எவ்வளவு பணம், விருதுநகர் மைதானத்துக்குப் போய்வரப் பஸ் செலவு யார் கொடுப்பது? எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலே வாங்குங்கள். அந்தத் தோழர் மகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.