நகம் பிறக்கும் இடம்

நகத்தை வெட்டும்போது நமக்கு ஏன் வலிப்பதில்லை என்று என்றேனும் சிந்தித்ததுண்டா? கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறை போல் ஒரு பகுதி தெரிகிறதே, அதுவும் அதற்குப் பின்னே தோலுக்குள் மறைந்திருப்பதும் சேர்ந்த நகமூலத்தில் ஜனிக்கும் உயிரணுக்கள், கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து கடினமாகி, ஜீவனற்ற தகடாக மெல்ல முன்னே தள்ளப்பட்டு வருவதே நாம் காணும் நகமாதலால், வெட்டுமிடத்தில் வேதனையை உணர நரம்பே இல்லை.

அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் என்பவர், தம் கட்டைவிரல் நகத்தின் அடியில் சிறு கோடு கீறி, அது நுனியை அடையும் நாளைக் குறித்துவைக்கும் விசித்திர விரதத்தை 35 ஆண்டுகள் அனுஷ்டித்து, வயது ஏற ஏற நகம் வளரும் வேகம் குறைவதைக் கண்டறிந்தார், என்னே பொறுமை!

நகத்தடியிலுள்ள மெல்லிய தோல்விளிம்பு, கிருமிகள் நகமூலத்தினுள் புகாதபடி தடுப்பது. அழகின் பொருட்டு அதைச் சிலர் வெட்டி எறிவது எனக்குச் சற்றும் உசிதமாகத் தோன்றவில்லை. குளித்தபின் நகம் ஊறி மிருதுவாயிருக்கையில் வெட்டிவிட்டு, அத்தோலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். கால்நகமாயின், ஓரங்களைக் குடையாமல் நேராக வெட்டுவதே உத்தமம்.