புதினாத் தைலம்: பெரியவருக்கு இதம், கைக்குழந்தைக்கு ஆபத்து



மழைக்கால இரவு. கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு, பால் குடிக்கத் திணறுகிறது. "மூக்குல ஒரு பொட்டு தைலம் வச்சு விடு, சரியாப் போயிடும்" என்கிறார் வீட்டுப் பெரியவர். பாசத்தால் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு பொட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

தைலம் என்ன செய்கிறது?

புதினா வகைச் செடிகளின் தழையை நீராவியில் வடித்து எடுப்பது இத்தைலம். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில்தான் இச்செடி அதிகம் பயிராகிறது. தைலத்தின் முக்கியச் சத்து மெந்தால். கடையில் 'புதினா உப்பு' என்று கிடைப்பதும் இதுவே. வலி தைலங்கள் பலவற்றிலும் இது உண்டு.

மெந்தால் பட்டதும் 'ஜில்'லென்று இருக்கும். குளிரை அறியும் நரம்பை அது தூண்டுவதே காரணம். மூக்கு திறந்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான். உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

குழந்தைக்கு ஏன் கூடாது?

கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ மெந்தால் பட்டால், குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம். ஆகவே 2 வயது முடியும்வரை மூக்கு, மார்பு, உச்சி எங்கும் தடவாதீர்கள். தொட்டில் துணியிலும் தெளிக்க வேண்டாம். அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கும் மூக்கருகே வேண்டாம். கற்பூரம், நீலகிரித் தைலம் இவற்றைப் பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரலாம். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்போ என்னதான் செய்யறது?

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். செவிலியரிடம் கேட்டு, மூக்கில் விடும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை அழாதபோது, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
2 மாதம் முதல் 1 வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

பெரியவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம்?

சாதாரணத் தலைவலிக்கு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு தைலம் கலந்து நெற்றியிலும் பொட்டிலும் தடவலாம். கண்ணில் படக்கூடாது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

கர்ப்பிணிக்குத் தலைவலி என்றால்?

ஐந்து மாதத்துக்குப் பிறகு கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் வந்தால் தைலம் தடவிப் படுக்க வைக்காதீர்கள். இரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம்; கவனிக்காவிட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கணவர்மார்களே, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கச் செய்யுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தைலம் பெரியவர் நெற்றிக்கு, தாய்ப்பால் குழந்தைக்கு!