புளியங்கொட்டைப் படையும் பிதாகரஸ் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு போர் நடந்தது. படைக்கலங்கள் இவைதாம்: இருபது புளியங்கொட்டைகள், ஒரு சாக்கட்டி, ஒரு பகடை. படைத்தலைவர்கள் மூவர்: எதிர்வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி, அவளுடைய தம்பி, என் மகன். போர் முடிந்தபோது அவர்கள் கேட்ட கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாங்கள் ஆடியது கற்பனைப் போரன்று. 1780ஆம் ஆண்டு ஜூலையில் மைசூரின் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகச் சமவெளியில் இறங்கினார். அப்போது ஆங்கிலக் கம்பெனியின் படை இரண்டாகப் பிரிந்திருந்தது. சற்றேறக்குறைய 5,000 வீரர்களுடன் ஹெக்டர் மன்றோ ஆகஸ்டு 26ஆம் நாள் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு நான்கு நாளில் காஞ்சிபுரம் சேர்ந்தார். 3,000 பேருக்குச் சற்றுக் குறைவான படையுடன் கர்னல் பெய்லி வடக்கே குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். சென்னைக்கு அருகிலேயே அவர் வந்துவிட்ட போதிலும், பரங்கிமலையில் வந்து சேராமல் நேரே காஞ்சிபுரம் செல்லுமாறு அவருக்கு ஆணை போயிற்று.

ஆகஸ்டு 25ஆம் நாள் பெய்லி கொற்றலையாற்றின் வடகரையில் பாளையம் இறங்கினார். அன்று ஆற்றைக் கடந்திருக்கலாம். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரம் வரை அவரால் அக்கரை சேர முடியவில்லை. அதற்குள் ஐதரின் மகன் திப்பு அவரை வழிமறிக்க வந்துவிட்டார். மன்றோ தம் படையிலிருந்து ஏறக்குறைய 1,000 பேரைப் பெய்லிக்குத் துணையாக அனுப்பினார். செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இருக்கும் புள்ளலூரில், ஐதரும் திப்புவும் சேர்ந்து பெய்லியைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லியின் படை அழிந்தது, எஞ்சியவர் சிறைப்பட்டனர். மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

ஆட்டத்தின் விதிகள்

இந்தப் படையெடுப்பை அரை மணி நேரத்தில் நீங்களும் ஆடிப் பார்க்கலாம். தரையில் சாக்கட்டியால் ஊர்களைக் குறியுங்கள்: கும்மிடிப்பூண்டி, கொற்றலையாறு, திருவள்ளூர், பேரம்பாக்கம், புள்ளலூர், காஞ்சிபுரம், பூந்தமல்லி, பரங்கிமலை, ஆர்க்காடு. ஊர்களைக் கோடுகளால் இணையுங்கள். ஒரு கோடு ஒரு நாள் நடை.

மன்றோவுக்கு 6 கொட்டைகள், பெய்லிக்கு 4, ஐதருக்கு 10. ஒவ்வொருவரும் அன்றைய நகர்வைத் துண்டுச்சீட்டில் எழுதி, மூவரும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். பெய்லி ஆற்றங்கரையில் நாளுக்கு ஒருமுறை பகடை உருட்டுவார். 6 விழுந்தால்தான் கடக்கலாம். பகைவர் ஓரிடத்தில் சந்தித்தால் போர். தம்மிடம் எத்தனை கொட்டைகளோ அத்தனை முறை ஒவ்வொருவரும் உருட்டுவார். விழும் ஒவ்வொரு ஆறுக்கும் எதிரியின் ஒரு கொட்டை நீங்கும். இரு பக்கமும் உருட்டிய பிறகே கொட்டைகளை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் தீரும்வரை சுற்றுகள் தொடரும். விதிகள் இவ்வளவே!

உண்மையில் ஐதரின் படை கம்பெனியின் படையைவிடப் பன்மடங்கு பெரியது. ஆயினும் நான் வேண்டுமென்றே இரு பக்கத்தையும் சமமாக்கினேன். சோதனைச்சாலையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துக்கொள்கிறோம் அல்லவா? இங்கே நாம் அறிய விரும்புவது ஒன்றே: படை பிரிந்திருப்பதால் என்ன ஆகிறது?

பெய்லியாக ஆடிய மாணவிக்கு ஐந்து நாள்வரை ஆறு விழவில்லை. "சார், பகடையில் ஏதோ கோளாறு" என்றாள். கோளாறு இல்லை. ஒருநாள் ஆறு விழாமலிருக்கும் வாய்ப்பு 5/6. ஒன்பது நாளும் விழாமலிருக்கும் வாய்ப்பு 5/6ஐ ஒன்பது முறை பெருக்கினால் வரும், அது 0.19, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆகவே இந்த ஆட்டத்தில் பெய்லியின் நீண்ட காத்திருப்பு அரிதான நிகழ்ச்சியன்று. முன்யோசனையுள்ள தலைவர் அதையும் கணக்கில் கொள்வார்.

பெய்லியின் 4 கொட்டைகள் தீர்ந்தபோது ஐதரிடம் 9 இருந்தன. அடுத்து மன்றோவின் 6 கொட்டைகளும் தீர்ந்தன. ஐதரிடம் 7 எஞ்சின. "பத்துக்குப் பத்து சமம்தானே? இரண்டு பேரும் ஏறக்குறைய அழிந்திருக்க வேண்டாமா?" என்று அவள் தம்பி கேட்டான். நல்ல கேள்வி!

வர்க்க விதி

இதற்கு விடை கூறியவர் பிரடெரிக் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். மோட்டார் கார் செய்தவர். விமானங்கள் பறக்கும் முறையையும் ஆராய்ந்தவர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் இக்கணக்கை வெளியிட்டார்.

ஐதரின் கொட்டைகள் அ, எதிரியின் கொட்டைகள் ஆ என்போம். ஒரு சுற்றில் ஐதர் இழப்பது சராசரியாக ஆ/6. எதிரி இழப்பது அ/6. இழப்பு தன் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, எதிரியின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதைக் கவனியுங்கள். இனி வர்க்கங்களைப் பாருங்கள். ஓர் எண் சிறிதளவு குறைந்தால் அதன் வர்க்கம், அந்த எண்ணின் இருமடங்கை அக்குறைவால் பெருக்கிய அளவு குறையும். எனவே அ-வின் வர்க்கத்தில் குறைவு 2 × அ × ஆ/6. ஆ-வின் வர்க்கத்தில் குறைவு 2 × ஆ × அ/6. இரண்டும் ஒன்றே! ஆகவே போர் நடந்துகொண்டிருக்கும்போது இரு வர்க்கங்களின் வித்தியாசம் மாறுவதில்லை.

இனிக் கணக்கு எளிது. பெய்லியுடன் போர்: 100 – 16 = 84; இதன் வர்க்கமூலம் 9.2. மன்றோவுடன் போர்: 84 – 36 = 48; வர்க்கமூலம் 6.9. எங்கள் மாடியில் எஞ்சிய 7 கொட்டைகளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. மன்றோவை மட்டும் ஐதர் சந்தித்திருந்தால் 100 – 36 = 64; எஞ்சுவது 8. ஆறு, எட்டு, பத்து! உங்கள் வடிவகணிதப் புத்தகத்துச் செங்கோண முக்கோணமே போர்க்களத்தில் வந்து நிற்கிறது.

மாணவி விடவில்லை. "மன்றோ ஒரு கொட்டையைப் பெய்லிக்கு அனுப்பி உதவினால்?" என்றாள். 1780இல் மன்றோ செய்தது ஏறக்குறைய அதுதான். இப்போது 5, 5 ஆகிறது. 100 – 25 – 25 = 50. முன்பு 48, இப்போது 50. ஐதருக்குத்தான் சற்றே ஆதாயம்! சேர்ந்து நில்லாமல் சமமாகப் பிரிந்து நிற்பது எல்லாவற்றிலும் கெட்ட ஏற்பாடு. பத்தும் ஓரிடத்தில் கூடியிருந்தால் 100 – 100 = 0; வெற்றி யாருக்கும் உறுதியில்லை.

ஒரு எச்சரிக்கை. பகடை கணக்கைத் துல்லியமாகப் பின்பற்றாது. சில ஆட்டங்களில் ஐதரிடம் 4 எஞ்சும். சிலவற்றில் 9 எஞ்சும். எந்தக் கொட்டை எப்போது நீங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பல ஆட்டங்களின் சராசரியைச் சொல்லலாம். ரேடியம் அணுக்களின் சிதைவும் இத்தகையதே. இருபது முறை ஆடிக் குறித்து வைத்துச் சராசரி காணுங்கள். நம் சுற்றுகள் சற்று நீளமானவை. எனவே கணக்கிட்ட விடையிலிருந்து சிறிது விலகும்.

வர்க்க விதிக்கும் எல்லை உண்டு. எல்லாரும் எல்லாரையும் சுட முடிந்தால்தான் அது பொருந்தும். குறுகிய பாலத்தில் ஒருவருக்கு ஒருவர் வாள்வீசினால் வர்க்கம் வராது. வீரரின் பயிற்சியும் கணக்கில் சேர வேண்டும். ஒரு பக்கத்துக்கு 5, 6 இரண்டும் பலன் தரும் என்று விதி வகுத்துப் பாருங்கள். திறமை இருமடங்கானால் வலிமை இருமடங்காகும். எண்ணிக்கை இருமடங்கானாலோ நான்கு மடங்காகும்.

ஆட்டமும் போரும்

நம் நாட்டுச் சதுரங்கமும் யானை, குதிரை, தேர், காலாள் கொண்ட போர் ஆட்டமே. ஆனால் அதில் தற்செயலுக்கு இடமில்லை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் வரைபடமும் பகடையும் கொண்ட போர்விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். படை அதிகாரிகள் அதில் பயிற்சி பெற்றனர். விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு தரையில் ஆடும் போருக்கு விதிகள் எழுதினார். ஆடிப் பார்த்தவன் உண்மைப் போரை விரும்பமாட்டான் என்பதே அவர் வாதம். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது.

அன்று மாலை ஆட்டம் முடிந்து, நீங்கிய கொட்டைகளைத் தம்பி டப்பாவில் அள்ளிப் போட்டான். "ஒரு கொட்டைக்கு எத்தனை பேர் சார்?" என்றான். கம்பெனிப் படை ஏறக்குறைய 8,000, கொட்டைகள் 10. கணக்கை அவனே போட்டான்: எண்ணூறு பேர். கையிலிருந்த நான்கு கொட்டைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள் என்று நான் சொன்னேன்.

கீழே மெட்ரோ தூண்களுக்கிடையே பரங்கிமலை–பூந்தமல்லிச் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. புள்ளலூர் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று மூவரும் முடிவு செய்திருக்கிறார்கள். நீங்களும் ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு கொட்டையை எடுக்கும்போதும் அந்த எண்ணை மறவாதீர்கள்.