மழலை மொழியாகும் விதம்

புனே நகரின் கிழக்கே, ஹடப்சர் பகுதியில் அமைந்துள்ளது மகர்பட்டா. உழவர் குடும்பங்கள் தம் விளைநிலங்களை ஒன்றிணைத்து உருவாக்கிய நகரியம் அது. அங்குள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பல மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். அங்கு வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழையும், கடைவீதியில் மராத்தியையும், விளையாட்டுத் திடலில் இந்தியையும், பள்ளியில் ஆங்கிலத்தையும் கேட்கிறது. இத்தனை மொழிகளுக்கு இடையே அது பேசக் கற்பது எவ்வாறு?

செவி வழியே தொடக்கம்

குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாள்களில் அக்குரலைப் பிற குரல்களிலிருந்து பிரித்தறிகிறது. 1984-ஆம் ஆண்டு கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகள் 6 முதல் 8 மாத அளவில் இந்தியின் டகர, தகர ஒலிகளை எளிதில் வேறுபடுத்தினர். ஓராண்டு நெருங்கியபோது பெரும்பாலோர் அத்திறனை இழந்திருந்தனர். இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்திருந்தது. கேட்கும் ஒலியைச் செவி பற்றிக்கொள்கிறது. கேளாத ஒலியைக் கைவிடுகிறது.

மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. எனவே மகர்பட்டாக் குழந்தைக்கு ழகரம் வாய்க்க வேண்டுமெனில், வீட்டார் அதைத் திருத்தமாக ஒலித்தல் வேண்டும்.

சொல்லும் விதியும்

ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல் குழந்தை 'பபப', 'மமம' என ஒலிக்கிறது. ஓராண்டளவில் முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயதுக்குள் 'அப்பா வா' என இரு சொற்கள் இணைகின்றன. குழந்தை கேட்டதை மட்டுமே திருப்பிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'கோ' என்னும் வினையின் இறந்தகாலம் 'வென்ட்' ஆகும். குழந்தையோ பிற வினைகளைப் போல ஈறு சேர்த்து 'கோட்' என்கிறது. பெரியோர் எவரும் வழங்காத அச்சொல், குழந்தை மொழியின் விதியைத் தானே உய்த்துணர்ந்தது என்பதற்குச் சான்றாகும்.

'பாணி வேணும்' என்று தண்ணீர் கேட்கும் குழந்தை, மராத்திப் பெயரைத் தமிழ் வினையோடு சேர்க்கிறது. இது குழப்பமன்று; கையில் உள்ள சொற்களைக் கொண்டு கருத்தை உணர்த்தும் முயற்சியே. நாளடைவில் எவரிடம் எம்மொழி பேசுவது என்பதை அது அறிந்துகொள்கிறது.

உரையாடலே ஆசான்

2003-ஆம் ஆண்டு பாட்ரிசியா கூல் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. அதில் 9 மாத அமெரிக்கக் குழந்தைகள், நேரில் விளையாடிப் பேசியவர்களிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைக் கற்றனர். அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்டவர்கள் கற்கவில்லை.

பல மொழிகளைக் கேட்பதால் தாய்மொழி அழிவதில்லை; பேசாது விடுவதாலேயே அது தேய்கிறது. தமிழைக் கேட்டும், மறுமொழியை வேறு மொழியில் கூறியே வளரும் குழந்தை, பின்னர் ஊரிலுள்ள பாட்டி பேசுவதைப் புரிந்துகொள்ளும்; ஆனால், அவரோடு மனம்விட்டுப் பேச இயலாமல் தவிக்கும். உண்ணும்போதும் உறங்கச் செல்லும்போதும் வீட்டார் தமிழில் பேசி, குழந்தையின் மறுமொழிக்குக் காத்திருந்தால், நான்கு மொழிகள் ஒலிக்கும் ஊரிலும் தமிழ் அதன் நாவில் நிலைபெறும்.