முதல் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற ரிகா கூடைப்பந்து அணி

ஐரோப்பிய கூடைப்பந்து கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி 1958-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் மூன்று கோப்பைகளையும் லாட்வியத் தலைநகர் ரிகாவைச் சேர்ந்த ராணுவ விளையாட்டுக் கழக அணியான ஏஎஸ்கே ரிகா கைப்பற்றியது.

பயிற்சியாளர் அலெக்சாண்டர் கோமெல்ஸ்கியின் வழிகாட்டுதலும், 218 செ.மீ. உயர வீரர் யானிஸ் குருமின்ஷின் ஆட்டமும் அணியின் பலமாக விளங்கின. 1958 அரையிறுதியில் மோதவிருந்த ரியல் மாட்ரிட் அணி சோவியத் ஒன்றியத்துக்குச் செல்ல ஸ்பெயினின் பிராங்கோ அரசு அனுமதிக்கவில்லை. இதனால் ஆடாமலேயே இறுதிச்சுற்றுக்கு முன்னேறிய ரிகா, பல்கேரியாவின் அகாடெமிக் சோஃபியாவை வீழ்த்தியது. 1959-இலும் அதே அணியையும், 1960-இல் ஜார்ஜியாவின் தினமோ திபிலிசியையும் வென்றது.

லாட்வியா அப்போது சோவியத் ஆளுகையில் இருந்ததால், இவ்வெற்றிகள் சோவியத் ஒன்றியத்தின் பெயரிலேயே பதிவாகின. 1991-இல் அந்நாடு மீண்டும் சுதந்திரம் பெற்ற பின்னர், லாட்விய ஆடவர் அணி எதுவும் இக்கோப்பையை வென்றதில்லை.