மருதாணி இருக்க பாக்ஸ்வுட் எதற்கு?

புது வீடு கட்டும் சகோதரிகள் சிலர், வாசலுக்கு இருபுறமும் வைக்க 'பாக்ஸ்வுட்' செடி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். சதுரமாக வெட்டி, பச்சைச் சுவர் மாதிரி வெளிநாட்டுப் படங்களில் நிற்குமே, அதுதான். அழகில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது குளிர் தேசத்துச் செடி. கணியூர் சித்திரை வெயிலை அது தாங்குமா? இடுப்பளவு வளரவே பல வருஷம் ஆகும். இலையில் நஞ்சும் உண்டு. ஆடு, மாடு தின்றால் ஆபத்து. ஐரோப்பாவிலேயே 2007-க்குப் பிறகு, ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு பூச்சியின் புழுக்கள் அந்த வேலிகளை மொட்டையடித்து வருகின்றன.

செடியால் வேலி போடுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால், காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காடுகளைச் சுற்றி முள்கிளுவை வேலியைப் பார்க்கலாம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. கிளுவைப் போத்தை வெட்டி நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் இலையை உதிர்க்கும், மழை வந்தால் துளிர்க்கும். காடு மனையாகும்போது ஜேசிபி முதலில் பிடுங்குவது இந்த வேலியைத்தான். அதை அண்டியிருந்த சிட்டும் ஓணானும் அதோடு போய்விடும். அப்புறம் கல்லுக்காலும் கம்பியும் காசு போட்டு வாங்குகிறோம்!

சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டு வாசலுக்குக் கிளுவை முள் வேண்டாம். அங்கே மருதாணி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி தோண்டி, மக்கிய சாண எருவை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளக் குச்சிகளை ஒரு அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை நடவேண்டும். முன்வரிசைக் குச்சிகளுக்கு நடுவில் பின்வரிசைக் குச்சி வரட்டும். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. அப்புறம் தண்ணீர் குறைந்தாலும் தாங்கும்.

முக்கியமான விஷயம் கவாத்துதான். செடி ஒன்றரை அடி வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதிக்கு வெட்டிவிடுங்கள். அப்போதுதான் அடியிலிருந்து பக்கக் கிளை வெடிக்கும். உசரமாக வளரட்டும்னு விட்டால் அடிப்பாகம் ஓட்டையாகி, கோழியும் நாயும் உள்ளே நுழையும். வேலியின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கும்படி வெட்டினால் கீழ் இலைக்கும் வெயில் படும். கடும் கோடையில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

வெட்டின இலையும் வீணில்லை. அரைத்துக் கையில் வைக்கலாம். நிழலில் உலர்த்திப் பொடித்தால் தலைக்கு ஆகும். வேலியின் நடுநடுவே நொச்சியும் ஆடாதோடையும் வைத்தால் சளி, இருமல் காலத்துக்குக் கைவசம் இருக்கும். ஆடாதோடையை ஆடும் கடிக்காது.

பாக்ஸ்வுட் மாதிரியேதான் வேண்டும் என்றால் நர்சரியில் காமினி கேளுங்கள். கருவேப்பிலைக்குச் சொந்தக்காரச் செடி. நம்ம வெயிலுக்கு வரும், அளவாக வெட்டலாம், வெள்ளைப் பூ கமகமக்கும். அழகுக்காக டுராண்டா வைப்பவர்கள் கவனம்: அதன் மஞ்சள் காய் விஷம், குழந்தைகள் வாயில் போட்டுவிடும். அரளியும் அப்படித்தான்.

மருதாணிக்குக் கடைக்குக்கூடப் போகவேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு குச்சி கேளுங்களேன். இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

- ஒரு வாசகி, கணியூர்.